அப்பா நடக்கிறார், ஆனால் மெதுவாக: மூளைக்கு இது போதுமா?

செவ்வந்தி

அப்பாவுக்கு 71 வயது. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார், மற்றபடி திடமாகத்தான் இருக்கிறார். தினமும் காலையில் நண்பர்களோடு ஒரு மணி நேரம் நடப்பார். நடப்பார் என்பதைவிடப் பேசிக்கொண்டே நகர்வார் என்று சொல்லலாம். கொஞ்ச நாளாகப் பெயர்கள் சட்டென்று வாயில் வராமல் தடுமாறுகிறார், அது அவரை ரொம்பவே உறுத்துகிறது. மூச்சு வாங்கச் செய்யும் ஏரோபிக் பயிற்சி செய்தால் மூளை வளரும் என்று யாரோ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, இப்போது ட்ரெட்மில் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தம்பியோ, "குறுக்கெழுத்துப் போட்டாலே போதும், இந்த வயதில் அவரை ஓடவிடாதே" என்கிறான்.

மெதுவாக நடப்பதற்கும் மூச்சு வாங்க நடப்பதற்கும் மூளையைப் பொறுத்தவரை வித்தியாசம் உண்டா? நினைவாற்றலுக்கு இது உதவும் என்பதற்கு நிரூபணம் இருக்கிறதா, இல்லை வெறும் வாட்ஸ்அப் சமாச்சாரமா?

நடைராஜன்

நிரூபணம் இருக்கிறதம்மா. 2011-ல் எரிக்சன் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஆய்வைத்தான் அந்தச் செய்தி சொல்லியிருக்கும். முதியவர்கள் 120 பேர். பாதிப் பேருக்கு வாரம் 3 நாள், 40 நிமிடம் வேக நடை. மீதிப் பேருக்கு ஸ்ட்ரெச்சிங் போன்ற லேசான பயிற்சி. ஒரு வருடம் கழித்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ், நடந்தவர்களுக்கு சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. மற்றவர்களுக்கு சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. வயதானால் அந்தப் பகுதி சுருங்குவதுதான் இயல்பு. அதைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

எனக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது, தினமும் வேகமாகத்தான் நடக்கிறேன். அப்பாவைத் தடுக்காதீர்கள்.

எண்கணிதன்

நடைராஜன் ஐயா சொன்ன எண்கள் சரி. ஆனால் அதே ஆய்வில் நினைவுச் சோதனையும் வைத்தார்கள், அதைச் செய்திகள் விட்டுவிடுகின்றன. அந்தச் சோதனையில் இரண்டு குழுக்களுமே முன்னேறின. நடந்தவர்கள் மற்றவர்களைவிட முந்தவில்லை. யாருக்கு ஹிப்போகாம்பஸ் அதிகம் வளர்ந்ததோ அவர்களுக்கு நினைவும் கூடியது என்ற தொடர்பு நடைக்குழுவுக்குள் தெரிந்தது, அவ்வளவுதான். எம்ஆர்ஐ படம் பெரிதாவதும் பெயர் ஞாபகம் வருவதும் ஒன்றல்ல.

2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, அறிவாற்றலில் (நினைவு, கவனம், யோசிக்கும் திறன்) குறைபாடு இல்லாத முதியவர்களிடம் நடந்த 12 சோதனைகளை, மொத்தம் 754 பேரை, சேர்த்து அலசியது. ஏரோபிக் பயிற்சியால் அறிவாற்றல் கூடியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் முடித்தார்கள்.

நடைராஜன்

தம்பி, அந்த 12 சோதனைகள் எத்தனை நாள் நடந்தன என்றும் சொல்லுங்கள். 8 வாரத்திலிருந்து 26 வாரம். அறுபது வருடம் உட்கார்ந்தே இருந்தவருக்கு எட்டு வாரத்தில் மூளை மாறவில்லை என்று தீர்ப்பு எழுதுவதா?

எண்கணிதன்

நியாயமான கேள்வி. அப்படியானால் நீளமான ஒன்றைப் பார்க்கலாம். அமெரிக்காவில் நடந்த லைஃப் ஆய்வு. 70 முதல் 89 வயதுக்குள், அதிகம் அசையாமல் இருந்த 1,635 பேர். ஒரு குழுவுக்கு நடை, வலுப்பயிற்சி, உடலை வளைக்கும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு உடல்நல வகுப்புகள். 24 மாதம் கழித்துச் சோதித்தார்கள், 2015-ல் முடிவு வந்தது. அறிவாற்றலில் வித்தியாசம் இல்லை. டிமென்ஷியா, அதாவது முதுமை மறதி நோய், வந்தவர்கள் எண்ணிக்கையிலும் இல்லை.

ஆனால் 80 வயதைத் தாண்டியவர்களையும், தொடக்கத்திலேயே உடல் பலவீனமாக இருந்தவர்களையும் மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு வகைத் திறனில் முன்னேற்றம் தெரிந்தது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குக் கவனத்தை மாற்றுவது, தேவையில்லாததை ஒதுக்குவது, திட்டமிடுவது போன்றவை அதில் வரும். பெயர் ஞாபகம் அதில் வராது.

பிசியோ தேன்மொழி

நான் முதியவர்களுக்குப் பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட். எண்கணிதன் கடைசியாகச் சொன்னதைத்தான் நானும் பிடித்துக்கொள்வேன். 1999-ல் கிராமர் என்ற ஆய்வாளரின் குழு நேச்சர் அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்தே இது வருகிறது. 60 முதல் 75 வயது வரை, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 124 பேர், ஆறு மாதம். நடந்தவர்கள் முன்னேறியது குறிப்பாக இந்தக் கவனக் கட்டுப்பாட்டு வேலைகளில்தான். எல்லா அறிவாற்றலும் ஒரே மாதிரி உயரவில்லை.

வாழ்க்கையில் இது எங்கே தெரியும் என்றால், சாலையைக் கடக்கும்போது, இரண்டு வேலையை மாற்றி மாற்றிச் செய்யும்போது, ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் பக்கத்துச் சத்தத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்கும்போது. செவ்வந்தி, உங்கள் அப்பா இதைப் பெயர் மறதிக்கு மருந்தாக எடுத்தால் சில மாதத்தில் ஏமாந்துபோய் நிறுத்திவிடுவார். எனக்கு அதுதான் பயம். ஆய்வில் எதிர்பார்ப்பு பொய்த்தால் கட்டுரை எழுதுவார்கள், வீட்டில் பொய்த்தால் ட்ரெட்மில்லில் துணி காயும்.

வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு வருகிறேன். ஏரோபிக் என்றால் இதயமும் நுரையீரலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். நண்பர்களோடு பேசிக்கொண்டே நகர்வதில் அது நடக்காது. அளவுகோல் எளிது: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டே தடையில்லாமல் வந்தால் வேகம் போதாது. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அது கடுமையான பயிற்சி, தொடக்கத்திலேயே அங்கே போக வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்கிறது. 65 வயதுக்கு மேல் இருந்தால், சமநிலைக்கும் தசை வலுவுக்கும் சேர்த்து வாரம் 3 நாளாவது செய்யச் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது பகுதியைப் படிப்பதே இல்லை. கீழே விழுந்து தலையில் அடிபட்டால், அதுவே பின்னாளில் டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டும். ஆகவே ஒற்றைக்காலில் நிற்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது எல்லாம் மூளைக்கான பயிற்சியே.

செவ்வந்தி

துணி காயும் என்று சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார்! கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்புத் தெரிகிறது, 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு வரும், அதை வைத்து வேகத்தைப் பார்க்கலாம் என்கிறார். சரியா அக்கா?

பிசியோ தேன்மொழி

முதலில் அவர் எந்தப் பிரஷர் மாத்திரை எடுக்கிறார் என்று பாருங்கள். பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். அந்த மருந்து நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். கடிகாரம் சொல்லும் எண்ணை எட்டுவதற்காக அவர் தன்னை வருத்திக்கொள்வார். பேச்சுச் சோதனைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. வேகத்தைக் கூட்டும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமாக இருந்தாலோ, தலை சுற்றி மயக்கம் வருவது போல் இருந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேக நடை போகக் கூடாது. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை என்றாலும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நடைராஜன்

இருபது முப்பது வருடம் கவனித்த ஆய்வுகளை ஏன் யாரும் பேசவில்லை? ஸ்வீடனில் 191 பெண்களை 1968-ல் சைக்கிள் மிதிக்க வைத்து உடல்திறனை அளந்தார்கள். நடுவயதுப் பெண்கள். 44 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். உடல்திறன் உயர்வாக இருந்தவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான் டிமென்ஷியா வந்தது. நடுத்தரமாக இருந்தவர்களில் 25 சதவீதம், குறைவாக இருந்தவர்களில் 32 சதவீதம். இதற்கு என்ன சொல்கிறீர்கள் தம்பி?

எண்கணிதன்

அந்த "உயர்வு" குழுவில் இருந்தது 40 பேர் ஐயா. அதில் 5 சதவீதம் என்றால் 2 பேர். இன்னும் இரண்டு பேருக்கு நோய் வந்திருந்தால் அந்த எண் 10 சதவீதம் ஆகியிருக்கும். கணக்கு அவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது.

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. நடக்காததால் டிமென்ஷியா வருகிறதா, டிமென்ஷியா உள்ளே தொடங்கிவிட்டதால் நடப்பது குறைகிறதா? இங்கிலாந்தில் ஒயிட்ஹால் என்ற பெயரில் அரசு ஊழியர்கள் 10,308 பேரை சராசரியாக 27 வருடம் கவனித்த ஆய்வு, 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நடுவயதில் எவ்வளவு உடலுழைப்பு இருந்தது என்பதற்கும் பின்னால் டிமென்ஷியா வந்ததற்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. ஆனால் நோய் வந்தவர்கள், கண்டறியப்படுவதற்கு 9 வருடம் முன்பிருந்தே அசைவைக் குறைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இப்போது எல்லோரும் பகிர்கிற காலடி ஆய்வைப் பாருங்கள். 2022-ல் வந்தது. பிரிட்டனில் 78,430 பேர் கையில் கருவி கட்டிக்கொண்டார்கள். நாளுக்கு 9,800 அடி வரை போனவர்களுக்கு டிமென்ஷியா அபாயம் பாதியாகத் தெரிந்தது. 3,800 அடியிலேயே 25 சதவீதம் குறைவு. அழகான எண்கள். ஆனால் கவனித்த காலம் ஏறக்குறைய 7 வருடம்தான். நோய் வெளியே தெரிவதற்கு 9 வருடம் முன்பே நடை குறையும் என்றால், இந்த 7 வருட ஆய்வில் குறைவாக நடந்தவர்களில் சிலர் ஏற்கெனவே நோயின் பாதையில் இருந்திருக்கலாம் அல்லவா? முதல் சில வருடத்திலேயே நோய் வந்தவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பது வழக்கம்தான். அது சந்தேகத்தைக் குறைக்கும், தீர்க்காது.

காலடி

இடையில் ஒரு தகவல்: 10,000 அடி என்ற எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததே இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற நடைமானியின் பெயரிலேயே அந்த எண் இருந்தது. விளம்பரம் மருத்துவமாகிவிட்டது.

நடைராஜன்

விளம்பரமோ என்னவோ, நடந்தவன் கெட்டதில்லை.

எண்கணிதன் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். இத்தனை சந்தேகம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களை நடக்க வேண்டாம் என்று சொல்வீர்களா?

எண்கணிதன்

மாட்டேன். என் அம்மாவைத் தினமும் துரத்தி அனுப்புகிறேன். லைஃப் ஆய்வில் மூளைக்குப் பலன் தெரியவில்லை என்றேன் அல்லவா, அதே ஆய்வில் 400 மீட்டர் நடக்க முடியாத நிலைக்குப் போனவர்கள் பயிற்சிக் குழுவில் 30.1 சதவீதம், வகுப்புக் குழுவில் 35.5 சதவீதம். சொந்தக் காலில் நடமாடுவது எவ்வளவு பெரிய விஷயம்! அதற்காகவே நடக்கலாம். மூளையைச் சொல்லி விற்க வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம்.

தூங்காவிளக்கு

உள்ளே வரலாமா தெரியவில்லை. என் மாமியாருக்கு டிமென்ஷியா, நடுத்தர நிலை. உறவினர்கள் வரும்போதெல்லாம் "நன்றாக நடக்க வையுங்கள், வேர்க்க வேர்க்கப் பயிற்சி கொடுங்கள், ஞாபகம் திரும்பும்" என்கிறார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை, கையை உதறுகிறார், அழுகிறார். செய்யாவிட்டால் நான்தான் அலட்சியம் செய்கிறேன் என்று பேச்சு. உண்மையில் திரும்புமா?

பிசியோ தேன்மொழி

தாராளமாக வாருங்கள். திரும்பாது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டாபா என்ற ஆய்வு, 2018-ல் முடிவு வந்தது. லேசான, நடுத்தர நிலை டிமென்ஷியா உள்ளவர்கள் 494 பேர். ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் ஜிம்மில் மிதமான முதல் கடுமையான ஏரோபிக் பயிற்சியும் வலுப்பயிற்சியும் கொடுத்தார்கள், அப்புறம் வீட்டில் தொடரச் சொன்னார்கள். உடல்திறன் கூடியது. அறிவாற்றல் சரிவு நிற்கவில்லை. ஒரு வருடம் கழித்து, பயிற்சி செய்தவர்களின் மதிப்பெண் 25.2, செய்யாதவர்களுடையது 23.8. அந்த அளவீட்டில் எண் கூடினால் நிலைமை மோசம் என்று பொருள். வித்தியாசம் சின்னதுதான், பயிற்சி கெடுத்துவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பலன் இல்லை என்பது தெளிவு.

அதனால் வேர்க்க வைக்கிற வேலையை நிறுத்துங்கள். அவருக்குப் பிடித்த நேரத்தில், பிடித்த ஆளோடு, பிடித்த அளவுக்கு நடக்கட்டும். எழுந்து உட்காரும் வலு குறையாமல் இருந்தால் உங்கள் வேலையும் கொஞ்சம் லேசாகும். இந்தக் கட்டத்தில் பயிற்சியின் நோக்கம் அது மட்டுமே. உறவினர்களிடம் பிசியோ சொன்னார் என்று சொல்லுங்கள், பழி என் மேல் விழட்டும்.

தூங்காவிளக்கு

நன்றி அக்கா. இதைப் படம் பிடித்து குடும்பக் குழுவில் போடப் போகிறேன்.

மருதாணி

நடனம் ஆடினால் நல்லது என்கிறார்களே?

எண்கணிதன்

2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒன்று வந்தது. 75 வயதைத் தாண்டிய 469 பேர். உடலசைவுப் பொழுதுபோக்குகளில் டிமென்ஷியா அபாயம் குறைந்ததாகத் தெரிந்தது நடனத்துக்கு மட்டும்தான். வாசிப்பு, வாத்தியம் வாசிப்பது, பலகை விளையாட்டுகளுக்கும் தெரிந்தது. செவ்வந்தியின் தம்பி சந்தோஷப்படலாம். ஆனால் இதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான். நோய் தொடங்கியவர் முதலில் விடுவது ஆட்டத்தையும் விளையாட்டையும்தான் என்ற அதே சந்தேகம் இங்கேயும் பொருந்தும்.

செவ்வந்தி

மாத்திரையைப் பார்த்தேன், பீட்டா பிளாக்கர்தான். நல்லவேளை கேட்டேன்.

எனக்கு இன்னொன்று தெரிய வேண்டும். மூளைக்கு நேரடியாக என்ன நடக்கிறது? பலன் சின்னதாகவே இருக்கட்டும், எந்த வழியாக வருகிறது?

பிசியோ தேன்மொழி

பல வழி சொல்கிறார்கள். பிடிஎன்எஃப் என்ற புரதம் நரம்பணுக்களுக்கு இடையே இணைப்பு உருவாக உதவுகிறது, பயிற்சியின்போது அது கூடுகிறது. ஓடும் சக்கரம் வைத்த கூண்டில் எலிகளுக்கு ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் அதிகம் தோன்றியதை 1999-லேயே காட்டினார்கள். வயதான மனித மூளையில் புதிய நரம்பணு எந்த அளவு உருவாகிறது என்பது இன்னும் சண்டையில் இருக்கிற விஷயம், எலியை வைத்துத் தாவ வேண்டாம்.

எனக்கு அதிகம் நம்பிக்கை இருப்பது கவர்ச்சியே இல்லாத வழியில். ரத்தக் குழாய். மூளையின் உள்பகுதியில் இருக்கும் நுண்ணிய குழாய்கள் பிரஷராலும் சர்க்கரையாலும் கெடுகின்றன. வேக நடை அந்த இரண்டையும் கொஞ்சம் இறக்குகிறது. 2019-ல் ஸ்பிரின்ட் மைண்ட் என்ற ஆய்வின் முடிவு வந்தது. மேல் பிரஷரை 140-க்குக் கீழ் என்பதற்குப் பதிலாக 120-க்குக் கீழ் வைத்தவர்களுக்கு, லேசான அறிவாற்றல் குறைபாடு வரும் வாய்ப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது. டிமென்ஷியாவில் மட்டும் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. இது மருந்தால் செய்தது, நடையால் அல்ல. ஆனாலும் அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் எனக்கு ட்ரெட்மில்லைவிட முக்கியமான கேள்வி.

காது எப்படி இருக்கிறது? டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா?

செவ்வந்தி

வீடே அதிர்கிறது! ஏன் கேட்கிறீர்கள்?

எண்கணிதன்

நான் சொல்லிவிடுகிறேன். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல், மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்லி, அவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. அதில் உடலுழைப்பின்மைக்கு 2 சதவீதம். கேட்கும் திறன் குறைவுக்கு 7 சதவீதம். சரியாகக் காதில் விழாத பெயர் எப்படி நினைவில் நிற்கும்?

நடைராஜன்

அந்த 2 சதவீதத்தை வைத்து நடையைக் குறைத்து எடைபோடாதீர்கள். பிரஷர், சர்க்கரை, உடல் எடை, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதே பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றன. நடை இத்தனையையும் தொடுகிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

எண்கணிதன்

இது நல்ல அடி ஐயா. ஒத்துக்கொள்கிறேன். பின்லாந்தில் நடந்த ஃபிங்கர் ஆய்வும் உங்கள் பக்கம்தான் பேசும். 60 முதல் 77 வயது வரை, ஆபத்துக் காரணிகள் கொஞ்சம் கூடுதலாக இருந்த 1,260 பேர். உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் போன்றவற்றின் கண்காணிப்பு எல்லாம் சேர்த்து 2 வருடம். அறிவாற்றலில் சிறிய, ஆனால் உண்மையான முன்னேற்றம். எந்தப் பகுதி எவ்வளவு உதவியது என்று மட்டும் பிரிக்க முடியாது.

செவ்வந்தி

சரி, ட்ரெட்மில் இப்போதைக்கு இல்லை, முதலில் காது டாக்டர் என்று முடிவாகிவிட்டது. அப்பா சம்மதித்தார். ஆனால் வேக நடைக்கு மறுக்கிறார். நண்பர்களை விட்டுவிட்டுத் தனியாக வேகமாகப் போக மனம் வரவில்லை, அவர்களால் அந்த வேகத்துக்கு வர முடியாது என்கிறார். அந்தப் பேச்சும் அவருக்குத் தேவைதானே?

பிசியோ தேன்மொழி

கண்டிப்பாகத் தேவை, அதை வெட்டாதீர்கள். ஜப்பானில் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் ஒரு முறையைப் பல வருடமாகச் சோதித்துவருகிறார்கள்: 3 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக, மாற்றி மாற்றி ஐந்து தடவை, வாரம் 4 நாள். ஐந்து மாதத்தில் தொடைத் தசை வலுவும் உடல்திறனும் கூடின, பிரஷர் இறங்கியது. ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குப் பலன் அதிகம்.

அப்பா முன்னால் வேகமாகப் போய்த் திரும்பி வந்து நண்பர்களோடு சேர்ந்துகொள்ளட்டும். மெதுவான 3 நிமிடம் முழுக்கப் பேசலாம். முதல் இரண்டு வாரம் வேகப் பகுதியை 1 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் டாக்டரிடம் கேட்ட பிறகு.

பெயர் மறதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் தடுமாறி, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக நினைவுக்கு வந்தால் வயதின் இயல்பு. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய பாதையில் குழம்புவது, பணக் கணக்கில் தடுமாறுவது, சுபாவம் மாறுவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் நடையை நம்பிக் காத்திருக்காமல் நரம்பியல் டாக்டரிடம் போய்விடுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்களையும் அவர்கள் பார்ப்பார்கள்.

செவ்வந்தி

அவருக்குத் தானாகவே வந்துவிடுகிறது அக்கா, பெரும்பாலும் ராத்திரி படுக்கும்போது. உடனே அம்மாவை எழுப்பிச் சொல்கிறார், அம்மாவின் தூக்கம்தான் போகிறது.

நடைராஜன்

அம்மாவையும் நடைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அந்த 3 நிமிடக் கணக்கை நானும் நாளை முயன்று பார்க்கிறேன். தேன்மொழியம்மா, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இதையே சைக்கிளில் செய்யலாமா?

பிசியோ தேன்மொழி

செய்யலாம் ஐயா, நிலையான சைக்கிள் என்றால் விழுகிற பயமும் இல்லை. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி இருக்கையை உயர்த்திவையுங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால் முட்டிவலி கூடும்.